உபகாரச் சம்பளத்துக்கு ஒரு பெயர்

கல்லலுக்குக் கிழக்கே, குருவிக்கண்மாயின் கீழத்தெருவில் பிறந்த அந்தப் பெண்ணுக்குக் கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் சவேரியம்மாள். தெருவில் சவரி. பதினோரு வயதுவரை அவளுக்கு அந்த ஒரு பெயர்தான்.

அவள் அப்பா ராயப்பன் புதுவயல் அரிசி மில் ஒன்றில் மூட்டை தூக்கினார். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வீடு. அம்மா அருளாயி களை எடுப்பாள், கதிர் அறுப்பாள். கீழத்தெருவில் எல்லாக் குடும்பங்களும் வேதக்காரர்கள். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். தெருக்கோடியில் கூரை வேய்ந்த சின்ன அந்தோணியார் கோயில். கண்மாய் மடையை ஒட்டிய மேட்டில் கல்லறை. மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் உபதேசியார் அருளப்பன் செபம் சொல்லி மணி அடிப்பார்.

1961இல் சவரி ஐந்தாம் வகுப்பு முடித்தாள். மேலே படிக்கக் கல்லல் போகவேண்டும். அங்கே அரசாங்க விடுதி இருந்தது. சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் இலவசம். ஆனால் அது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் இந்துவாக இருப்பவர்களுக்குத்தான். அதே சாதி, அதே கஞ்சி, அதே கீழத்தெரு என்றாலும் வேதத்தில் சேர்ந்துவிட்டால் விடுதியும் கிடையாது, படிப்புக்கு அரசாங்கம் தரும் உபகாரச் சம்பளமும் கிடையாது. ராயப்பன் விசாரித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். பெண் களையெடுக்கப் போகட்டும் என்று அருளாயி ஒரு களைக்கொத்தியை எடுத்து வைத்தாள்.

அந்த வாரமே பெரியகருப்பன் தெருவுக்குள் வந்தார். ஊரின் பாதி நஞ்சை அவருடையது. கீழத்தெருவில் பாதிப் பேர் அவர் வயலில்தான் வேலை செய்தார்கள். அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கண்மாய்க் கரையில் நின்று குரல் கொடுப்பார், அவ்வளவுதான். அன்று ராயப்பன் வீட்டு வாசல்வரை வந்து, வெயிலுக்குக் குடையை விரித்தபடி நின்றார்.

"ராயப்பா, ஒம் மகளைக் கல்லல்ல சேக்கலையாமே?"

"எங்களுக்கு அந்தச் சலுகை இல்லைங்கிறாக ஐயா. வேதக்காரவுகளுக்குக் கெடையாதாம்."

"வேதம் என்ன நெத்தியிலயா எழுதியிருக்கு? ஒம் பேரு ராயப்பன். அது எங்குட்டும் செல்லும். புள்ளைக்கு மட்டும் நம்ம பக்கத்துப் பேரா ஒண்ணு வச்சுக்க. வெசாரிக்க வந்தா நான் சொல்லிக்கிறேன், கீழத்தெருவுல வேதக்காரன் எவனும் இல்லைன்னு."

ராயப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டார். அன்னக்கிளி என்ற பெயரையும் பெரியகருப்பனே சொன்னார். சவரிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

அவர் போனபின் அருளாயி களைக்கொத்தியை எடுத்துத் திரும்பவும் கூரையில் சொருகினாள்.

"கேக்காமக் குடுக்கிற கை கேக்காமத்தான் எடுக்கும்" என்றாள்.

"ஒனக்கு எல்லாத்திலயும் சந்தேகந்தான்" என்றார் ராயப்பன்.

அன்னக்கிளி கல்லல் விடுதியில் சேர்ந்தாள். நன்றாகவும் படித்தாள். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுச் செபமாலையின் மகன் மருது என்ற புதுப் பெயரோடு சேர்ந்தான். பிறகு இன்னும் சில பிள்ளைகள். எல்லாருக்கும் பெரியகருப்பனே சாட்சி. யாரிடமும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால், "புள்ளை நல்லாப் படிக்குதா?" என்பார். அவ்வளவுதான். ஆனால் அவர் அப்படிக் கேட்ட பிறகு கூலி கூட்டிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலில் கோயில் கூரை பறந்துபோனது. தெருவே கூடிப் பனை ஓலை வெட்டிச் சேர்த்தது. பெரியகருப்பன் ஆள் அனுப்பி உபதேசியாரைக் கரைக்கு வரச் சொன்னார்.

"கூரை போட வேணாமுன்னு நான் சொல்லலை. ஆனா பிள்ளைக படிக்குதுக. வெசாரணைக்கு வர்றவன் கண்ணுல கோயில் பட்டா நட்டம் எனக்கில்ல, ஒங்களுக்குத்தான்."

கூரை போடவில்லை. அந்தோணியார் சுரூபம் உபதேசியார் வீட்டு மூலைக்குப் போனது. மழையில் மண்சுவர் கரைந்து, கரைந்த இடத்தில் ஆமணக்கு முளைத்தது. பிறகொரு நாள் பெரியகருப்பன், மணிச்சத்தம் அதிகாரிகள் காதில் விழக்கூடாது என்றார். மணியும் இறங்கியது. விடுமுறைக்கு வந்த சவரி, விடியலில் மணி கேட்காமல் வெகுநேரம் தூங்கிவிட்டாள். எழுந்தபோது தெருவே ஏதோ சாவு விழுந்த வீடுபோல் அடங்கிக் கிடந்தது.

1967இல் பள்ளி இறுதித் தேர்வில் கீழத்தெருவிலேயே முதல் ஆளாகத் தேறினாள். காரைக்குடியில் கல்லூரி, விடுதி. உபகாரச் சம்பளமும் பெரியது. பெரியகருப்பன் முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

"இனிமே மேலிடத்து வெசாரணை ராயப்பா. கல்லறையில குருசு நட்டு வச்சிருக்கீகளே, அதுகளைக் கொஞ்ச நாளைக்குப் படுக்கப் போடுங்க. புடுங்கி எறியவா சொல்றேன்? படுக்கத்தானே சொல்றேன்."

அந்த மேட்டில் சவரியின் தம்பி கிடந்தான், அம்மை வார்த்துப் போன கைக்குழந்தை. அவன் தலைமாட்டில் கருவேல மரத்தில் செய்த சிறு குருசு. ராயப்பன் அதை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். செம்மண் விடாமல் பற்றியிருந்தது. அருளாயி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சவரி அந்தக் குழியைக் காலால் தள்ளி மூடினாள். மூடும்போதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. எதைக் கண்டு என்று தெரியவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்தாள். குடை தெரிந்தது.

காரைக்குடி விடுதியில் அவள் செவ்வாய்க்கிழமைதோறும் மற்றப் பெண்களோடு கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனாள். குங்குமம் வைத்துக்கொண்டாள். கூடத் தங்கியிருந்த நேமத்தான்பட்டிப் பெண் சாலா, "நீ ஏன்டி தூக்கத்துல நெத்தியையும் நெஞ்சையும் தொட்டுத் தொட்டுக் கும்புடுறே?" என்று ஒருநாள் கேட்டாள். அதன்பின் சவரி கைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கப் பழகினாள். விடுதி வாசலில் புது ஆள் யாராவது நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை அப்படி நின்றவர் பெரியகருப்பன்தான். வக்கீலைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு பை வேர்க்கடலை.

"நம்ம கொல்லையில வெளைஞ்சது. புது எடம். நல்லாக் காய்ச்சிருக்கு. தின்னு பாரு."

அவிக்கச் சொல்லி எல்லாரும் தின்றார்கள். இனிப்பாகத்தான் இருந்தது.

1970 தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், அம்மாவோடு கண்மாய்க்குக் குளிக்கப் போனாள். மடை மேட்டில் கல்லறையின் பாதிவரை உழுது, கடலை பிடுங்கிய தடம் கிடந்தது. ஓரத்துக் கல்லறைகளின் செம்பாறைக் கற்கள் வரப்பில் அடுக்கப்பட்டிருந்தன. விடுதியில் தின்ற கடலை சவரிக்கு நினைவு வந்தது. கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அருளாயி தலையைப் பிடித்துக்கொண்டாள். காரணம் கேட்கவில்லை.

அன்று மாலை அவள் உபதேசியார் வீட்டுக்குப் போனாள். அருளப்பன் மூலையில் இருந்த சுரூபத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பெரியகருப்பன் செய்ததை மெதுவாகச் சொன்னார்.

"மடையை ஒட்டின மேடும்மா. அங்குட்டுக் கெணறு வெட்டிப் பம்ப்செட்டு வச்சா அவரு புஞ்சையெல்லாம் நஞ்சை. தாலுகா ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாரு. இந்த ஊர்ல வேதக்காரன் ஒருத்தனும் இல்ல, கோயில் இல்ல, கல்லறைன்னு ஒண்ணு இருந்ததுக்கு அடையாளமில்ல, அந்த மேடு எம் பட்டாவைச் சேந்ததுன்னு. மாசியில வெசாரிக்க வாராக."

"நாம இருக்கோமேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு சொல்றது? எல்லா வீட்டுலயும் ஒரு பிள்ளை அந்தச் சம்பளத்துல படிக்குது. வர்றவுக முன்னால ஒரே ஒரு குடும்பம் நின்னு சொன்னாப் போதும், மேடு நெலைச்சிரும். அந்த ஒரு குடும்பந்தான் இல்ல."

பத்து வருஷமாகப் பெரியகருப்பன் என்ன செய்துவந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கூரை, மணி, குருசு. ஒவ்வொன்றையும் அவர்கள் கையாலேயே எடுக்க வைத்திருக்கிறார். அதற்கெல்லாம் தொடக்கம் அன்னக்கிளி.

தை பிறந்ததும் ராயப்பனை மில்லிலிருந்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தவிட்டுத் தூசி பல வருஷமாக நெஞ்சில் இறங்கியிருந்தது. இருமினால் சிவப்பாக வந்தது. சவரி விடுதியில் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது.

ஒரு முற்பகலில் பெரியகருப்பன் வந்து வாசலில் நின்றார். உள்ளே ராயப்பன் மூச்சு இழுப்பது வெளியே கேட்டது.

"அருளாயி, மனசைத் தேத்திக்க. காரியம் ஆச்சுன்னா ஓடைக்கு அங்குட்டு எரிச்சிருவோம். வெறகு நான் தாரேன். மேட்டுப் பக்கம் மட்டும் போக வேணாம். வெசாரணைக்கு வர்ற நேரத்துல புதுக் குழி கண்ணுல படக்கூடாது பாரு." சவரியைப் பார்த்துச் சிரித்தார். "பரீச்சைக்குப் படிக்கணுமில்ல, அன்னக்கிளி?"

உயிரோடு கிடக்கிற மனிதருக்கு விறகு பேசிவிட்டுப் போனார். சொன்னபடியே மாலைக்குள் வண்டி வந்து, வீட்டெதிரில் கருவேல விறகு இறங்கியது. தெருப்பிள்ளைகள் அதைச் சுற்றிப் போனார்கள். யாரும் தொடவில்லை.

ராயப்பனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"எரிச்சிருங்க ஆத்தா. எனக்குத் தெரியவா போகுது? நீ படி."

அருளாயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சவரி அவர் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். கால் ஏற்கெனவே குளிர்ந்துகொண்டு வந்தது.

இரண்டாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் ராயப்பன் செத்துப்போனார்.

அழுகை ஓய்வதற்குள் தெரு மொத்தமும் முற்றத்தில் கூடிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களாக மட்டும் அவர்கள் வரவில்லை. செபமாலை சவரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, ஒம் படிப்பு முடியப் போகுது. எம் மகன் மருது காலேசுல அந்தச் சம்பளத்துலதான் படிக்கிறான். நீங்க மேட்டுல பொதைச்சா அந்த மனுசன் எல்லாரையும் காட்டிக் குடுத்துருவாரு. ஒங்கப்பனே எரிக்கச் சொல்லிட்டாராமே. ஒப்புக்க தாயி."

சவரி அவர்களைப் பார்த்தாள். எல்லாரும் நல்லவர்கள், அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். எல்லார் கண்ணிலும் ஒரே பயம் இருந்தது. அதே பயத்தைத்தான் அவள் விடுதியில் பல வருஷம் தின்று வளர்ந்திருந்தாள்.

"காட்டிக் குடுக்க மாட்டாரு சின்னாத்தா" என்றாள். "இந்தத் தெருவுல வேதக்காரங்க இல்லைன்னுதான் அவரு மேட்டைக் கேக்குறாரு. நீங்கள்லாம் வேதக்காரங்கன்னு சொன்னா அவரு வழக்கே போச்சு. மேடு போனப்பறம் சொல்லுவாரோன்னா, அப்பவும் முடியாது. எல்லாப் பிள்ளைக்கும் சாட்சி சொன்னது அவருதான். பொய்ச்சாட்சிக்கு மொதல்ல பதில் சொல்ல வேண்டியவரு அவரு."

"அப்ப ஒன்னை?"

"என்னை அவரு சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன். நாங்க ஒரு குடும்பம் போதும். நீங்க யாரும் மேட்டுக்கு வராதீக. வெசாரணையில யாரும் வாயைத் தொறக்காதீக."

அருளாயி உள்ளிருந்து எழுந்து வந்தாள். மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு உபதேசியாரைப் பார்த்து, "மணியை எடுத்துக் கட்டுங்க" என்றாள்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு குருவிக்கண்மாயில் துக்கமணி அடித்தது. மேலத்தெரு ஆட்கள் வயலில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாடையைத் தூக்க ராயப்பனோடு மூட்டை சுமந்தவர்கள் புதுவயலிலிருந்து வந்திருந்தார்கள். மேட்டுக்குப் போகும் பாதையின் குறுக்கே இடுப்புயரத்துக்குக் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. பாடையை இறக்கக்கூடாது, சுமந்தவர்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள். சவரியும் அருளாயியும் குனிந்து கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டார்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கரையில் பெரியகருப்பன் குடைக்கடியில் நின்றிருந்தார், பக்கத்தில் அவர் மகனும் அரிவாளோடு இரண்டு பேரும். அவர் தடுக்கவில்லை. புதைத்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது மட்டும் அவளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"சரி. எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குல்ல."

கல்லூரி முதல்வர் அம்மாளிடம் சவரி தானே போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு மாசம். பரீட்சை எழுதிட்டு வந்து சொல்லியிருக்கலாமே?"

"அடுத்த வாரம் வெசாரணை மேடம். அங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு சொல்ல முடியாது."

பெயர் மாற்றியது பதினோரு வயதுக் குழந்தையின் குற்றம் ஆகாது என்று எழுதி, வழக்கு வராமல் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டார். தேர்வு எழுதலாம். ஆனால் உபகாரச் சம்பளம் அன்றோடு நின்றது. விடுதியில் இருக்க முடியாது. சாலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "ஒன்னை என்னன்னு கூப்புடுறது இனிமே?" என்று கேட்டு அழுதாள்.

விசாரணை மேட்டிலேயே நடந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கீழத்தெரு ஆட்களைக் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. பிறகு சவரியும் அருளாயியும் முன்னால் வந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், இது என் அப்பா, அது என் தம்பி, அங்கே தாத்தா என்று அவள் ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். உழுத மண்ணுக்குள்ளும் காட்டினாள். அதிகாரி பெரியகருப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு சொல்றது பொய்யா?"

பெரியகருப்பன் குடையை மடக்கினார். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே பெண்ணை இந்து என்று சொன்னவர் அவர். இப்போது எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் மாட்டும். "எனக்குத் தெரியலைங்க" என்றார்.

மேடு கல்லறையாகவே நிலைத்தது.

தேர்வு நாட்களில் சவரி விடியலில் நடந்து கல்லல் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறினாள். ஒவ்வொரு நாளும் கண்மாய்க் கரையில் பெரியகருப்பனின் ஆள் ஒருவன் மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போதும் அங்கேயே இருந்தான். வினாத்தாளைக் கையில் வாங்கும்போது அவளுக்குக் கண்ணுக்குள் அவன் முதுகுதான் தெரியும். இருந்தும் தேறினாள், மூன்றாம் வகுப்பில்.

கீழத்தெருப் பிள்ளைகளின் படிப்பு எதுவும் நிற்கவில்லை. அதற்காக யாரும் அவள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அவளோடு பேசினால் தாங்களும் வேதக்காரர்கள் என்று தெரிந்துவிடும் என்ற பயம். கல்லல் ஸ்டேஷனில் ஒருமுறை மருதுவை எதிரில் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மறுகோடிப் பெட்டிக்கு ஓடினான். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஓடட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் ரயில் காரைக்குடி போய்ச் சேரும்வரை நெஞ்சு வலித்துக்கொண்டே இருந்தது.

புதுவயல் மில் களத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நெல் துழாவினாள். பிறகு ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர் ஒன்றில் மிஷன் பள்ளியில் வேலை கிடைத்தது. அம்மாவையும் வரச் சொன்னாள்.

அருளாயி போகவில்லை.

"நீ போ. நான் அங்குட்டு வந்தா இங்குட்டு யாரு இருக்கா?"

பெரியகருப்பன் 1974இல் இறந்தார். அவர் மகன் அப்பாவைப்போல் பேசுகிற ஆள் இல்லை. ஆடியில் ஏர் பூட்டும்போது கல்லறை ஓரத்தில் ஒரு சால் உள்ளே தள்ளி உழுவான். அடுத்த ஆடியில் இன்னொரு சால். கேட்டால், "மாடு இழுத்துருச்சு" என்பான். விடுமுறைக்கு வந்த சவரி அளந்து பார்த்துவிட்டு, மனு எழுதிப் போடுவோம் என்றாள். அருளாயி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உழவு தொடங்குகிற நாளில் விடிந்ததும் கஞ்சிக் கலயத்தோடு போய், புருஷன் கிடக்கிற இடத்துக்கும் ஏருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். மாடுகள் அவளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து திரும்பும். அவள் எழுந்திருக்க மாட்டாள். 1976 ஆடியிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் மாடுகள் அரை முழம் தள்ளித் திரும்பின.